லண்டன் தொடர்மாடி வீட்டின் குத்தகை: 80 ஆண்டு எல்லைக்கு நான்கு மாதமே உள்ளது. நீடிப்பதா, புதிய சட்டத்துக்குக் காத்திருப்பதா?

வெள்ளவத்தை_ஆசிரியை | 2025 நவம்பர் 18

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவரும் நானும் லண்டனில் வேலை செய்த காலத்தில், 1996இல், நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடொன்றை இருவர் பெயரிலும் வாங்கினோம். அது முதலில் உள்ளூராட்சி சபையின் வாடகை வீடாக இருந்தது. அதில் குடியிருந்தவர் சபையிடமிருந்து வாங்கிப் பின்னர் எங்களுக்கு விற்றார். கட்டடமும் காணியும் இன்றும் சபைக்கே சொந்தம். எங்களிடம் இருப்பது 125 ஆண்டுக் குத்தகை. நிலவாடகை ஆண்டுக்கு 10 பவுண். 2004இல் கொழும்புக்குத் திரும்பியதிலிருந்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கணவர் 2019இல் காலமானார்.

குத்தகை உறுதி 1987இல் எழுதப்பட்டது. ஆகவே 2112 வரை காலம் இருக்கிறது என்று எண்ணி இத்தனை ஆண்டுகளும் நிம்மதியாக இருந்துவிட்டேன். சென்ற மாதம் என் மகன், வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று பேச்செழுந்தபோது, இங்கிலாந்துக் காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண் செலுத்திப் பதிவுப் பிரதியொன்றை எடுத்தான். அதில் உறுதியின் திகதி 1987 என்றுதான் இருக்கிறது; ஆனால் அதற்குக் கீழ் வரியில், "காலம்: 1981 மார்ச் 25 முதல் 125 ஆண்டுகள்" என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் குத்தகை 2106 மார்ச் 24இல் முடிகிறது. வருகிற மார்ச் மாதத்தோடு மீதிக்காலம் 80 ஆண்டுக்குக் கீழே போய்விடும்.

வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பராமரிக்கும் முகவரிடம் கேட்டேன். "புதிய சட்டம் வந்துவிட்டது, இனி 990 ஆண்டு கிடைக்கும், செலவும் குறையும், அவசரப்படாதீர்கள்" என்றார். சபையிடம் கேட்டேன். முறைப்படியான அறிவித்தல் எதுவும் தேவையில்லை, தங்கள் மதிப்பீட்டுக் கட்டணத்தைச் செலுத்தினால் குத்தகையை மீண்டும் 125 ஆண்டாக்கித் தருவதற்கு ஒரு விலை சொல்வோம் என்று பதில் வந்தது. எந்தத் திகதிக்குள் என்பதைப் பற்றி அந்த மின்னஞ்சலில் ஒரு சொல்லும் இல்லை.

நான் எதை நம்புவது? கொழும்பிலிருந்தபடியே இதைச் செய்து முடிக்க முடியுமா? கணவரின் பெயர் இன்னும் பதிவில் இருப்பது தடையாகுமா?

---

பழைய_எழுதுவினைஞர் | 2025 நவம்பர் 18

அம்மா, லண்டனில் ஆதனக் கைமாற்றுச் சட்டத்தரணிகள் அலுவலகமொன்றில் இருபது ஆண்டுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்துவிட்டு இப்போது பம்பலப்பிட்டியில் ஓய்வாக இருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த ஒரு விடயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: மார்ச் 24க்கு முன், குத்தகையை நீடிக்கக் கேட்கும் சட்டப்படியான அறிவித்தலைச் சபைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்பட்ட திகதிக் குழப்பம் பலருக்கும் ஏற்பட்டது. சபைகள் வாடகை வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றபோது, ஒரு கட்டடத்தில் முதலில் விற்ற வீட்டின் குத்தகை முடியும் நாளிலேயே பின்னர் விற்கும் வீடுகளின் குத்தகையும் முடியும்படி எழுதுவதற்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. உங்கள் கட்டடத்தில் யாரோ ஒருவர் 1981 வாக்கில் முதலில் வாங்கியிருப்பார். நிலவாடகை 10 பவுணுக்கு மேற்படக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான்.

80 ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீண்டகாலக் குத்தகை உள்ளவர் இருக்கும் காலத்தோடு மேலும் 90 ஆண்டைச் சேர்த்துப் புதிய குத்தகை கேட்கலாம்; நிலவாடகை ஒன்றுமில்லாமல் போகும். இதற்குக் காணி உரிமையாளருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அவருக்கு 80 ஆண்டு கழித்துத் திரும்பி வரவிருந்த வீடு இனி 170 ஆண்டு கழித்துத்தான் வரும் அல்லவா, அந்த இழப்புக்கு ஈடு அது. உங்கள் வீடு நீண்ட குத்தகையோடு 320,000 பவுண் பெறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எண்பது ஆண்டு கழித்துக் கைக்கு வரும் 320,000 பவுணை, வழக்கத்திலுள்ளபடி ஆண்டுக்கு 5 வீதக் கழிவில் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 6,400 பவுண்தான். நிலவாடகை இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 6,500 பவுண்.

மீதிக்காலம் 80 ஆண்டைத் தாண்டி இருக்கும்வரை கணக்கு அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் இல்லாத நாளிலிருந்து இன்னொன்று சேரும். லண்டனில் அதை "மரேஜ் வெல்யூ" என்பார்கள். கல்யாணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் சீதனம் கேட்பது போலத்தான் இருக்கும்! குத்தகை நீண்டதால் வீட்டின் விலை எவ்வளவு உயர்கிறதோ, அதிலிருந்து மேலே சொன்ன ஈட்டுத் தொகையைக் கழித்து, மீதியில் பாதியையும் காணி உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். 79 ஆண்டு மீதியுள்ள உங்கள் வீடு இப்போதைய குத்தகையோடு 300,000 பவுண் பெறும் என்று வைத்தால், அந்தப் பாதி மட்டும் 6,500 பவுணுக்கு மேல் வருகிறது. மொத்தத் தொகை 13,400ஐத் தொடுகிறது. உண்மையான எண்களை மதிப்பீட்டாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓராண்டுத் தாமதத்தில் தொகை இரட்டிக்கும் என்பதைப் பார்க்க இது போதும்.

இனிச் சபையின் பதிலுக்கு வருகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படியும் நீடிக்கலாம். ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழான அறிவித்தலைக் கொடுத்தால், மதிப்பிடும் நாள் அந்த அறிவித்தல் கொடுத்த நாளிலேயே நின்றுவிடும். அதன் பிறகு பேச்சு ஓராண்டு இழுத்தாலும் உங்கள் குத்தகை 80 ஆண்டும் சில மாதங்களும் உள்ளதாகவே கணக்கிடப்படும். பேசித் தீர்க்கும் வழியில் அப்படி எந்த நாளும் நிற்பதில்லை. அவர்கள் ஏப்ரலில் விலை சொன்னால் ஏப்ரல் விலைதான். அதோடு அங்கே கிடைப்பது 125 ஆண்டு, இங்கே கிடைப்பது 170.

கொழும்பிலிருந்து செய்ய முடியும். முன்னர் வீட்டுக்காரரே அறிவித்தலில் கையொப்பமிட வேண்டியிருந்தது. 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு உங்கள் சார்பில் சட்டத்தரணி ஒப்பமிடலாம். பதில் அனுப்புவதற்கு இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு முகவரி கொடுக்க வேண்டும்; அது சட்டத்தரணியின் முகவரியாக இருக்கும். கடைசியில் வரும் புதிய குத்தகை உறுதியில் மட்டும் நீங்கள் ஒப்பமிட வேண்டும். அதை இங்கேயே, குடும்பத்தவர் அல்லாத ஒரு சாட்சியின் முன் இட்டு அனுப்பலாம். அற்றோணித் தத்துவம் வரைக்கும் போகத் தேவையில்லை.

கணவரின் பெயர் தடையாகாது. இணை உரிமையாளர்கள் இருவரும் உயிரோடு இருந்தால் இருவர் பெயரிலும் அறிவித்தல் போக வேண்டும், ஒருவர் மட்டும் கொடுத்தால் செல்லாது. ஒருவர் காலமானால் சட்ட உரிமை மற்றவரிடம் வந்துவிடும். டி.ஜே.பி. என்ற படிவத்தோடு இறப்புச் சான்றிதழை அனுப்பினால் பதிவகம் பெயரை நீக்கும், கட்டணம் இல்லை. ஆனால் பதிவில், "தனி ஒரு உரிமையாளர் பணம் பெற்று ஆதனத்தைக் கைமாற்ற முடியாது" என்ற கருத்துப்பட ஒரு கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணவரின் பங்கு யாரைச் சேர்ந்தது என்பதைச் சட்டத்தரணி தனியாகக் கவனிக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை | 2025 நவம்பர் 19

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் முகவர் சொன்னதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 2024 மே 24இல் நிறைவேறிய சட்டம் அந்தப் பாதிப் பங்கு கொடுக்கும் முறையையே ஒழிக்கிறது. 90க்குப் பதிலாக 990 ஆண்டு தருகிறது. அதை எதிர்த்துக் காணி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கையும் சென்ற ஒக்டோபரில் லண்டன் மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நிலைமை இப்படியிருக்க, அம்மா இப்போது சில ஆயிரம் பவுணைச் செலவழிப்பானேன்? 79 ஆண்டு மீதியுள்ள வீடு ஒன்றும் இடிந்து விழப்போவதில்லையே.

---

பழைய_எழுதுவினைஞர் | 2025 நவம்பர் 19

ஐயா, சட்டம் நிறைவேறுவது ஒன்று, அதன் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வருவது வேறொன்று. அந்தச் சட்டத்திலிருந்து இவ்விடயத்தில் இதுவரை நடைமுறைக்கு வந்த பெரிய மாற்றம், வீட்டை வாங்கி இரண்டு ஆண்டு கழிந்த பின்னரே நீடிப்புக் கேட்கலாம் என்ற விதி 2025 ஜனவரி 31இல் நீங்கியதுதான். புதிய மதிப்பீட்டு முறையும் 990 ஆண்டும் இன்னும் வரவில்லை. வழக்கு தள்ளுபடியானதால் அவை தாமாக வந்துவிடா. கழிவு வீதம் எவ்வளவு என்பதை அமைச்சர் நிர்ணயிக்க வேண்டும். அந்த வீதம் 5க்குக் கீழே வைக்கப்பட்டால் நான் மேலே காட்டிய 6,400 பவுணே கூடிவிடும். ஆகவே காத்திருப்பவருக்கு மலிவாகத்தான் கிடைக்கும் என்ற உறுதி யாரிடமும் இல்லை.

ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் குத்தகையில் மீதி 68 ஆண்டாக இருந்து, விற்கும் எண்ணமும் இல்லாதிருந்தால், நீங்கள் சொன்னது போலக் காத்திருக்குமாறு நானும் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவர் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியவர், புதிய சட்டம் வந்தால் மிச்சப்படுவதும் பெருந்தொகை. இங்கே நிலைமை நேர்மாறு. அந்தப் பாதிப் பங்கு இன்றைக்கு அவருக்கு இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை மார்ச்சில் தாமே வரவழைத்துக்கொண்டு, சட்டம் வந்து அதை ஒழிக்கும் என்று காத்திருப்பதில் என்ன இலாபம்? அதோடு 170 ஆண்டுக் குத்தகை கிடைத்த பின் 990 ஆண்டால் அவருக்கோ மகனுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ ஆகப்போவது ஒன்றுமில்லை.

---

கொட்டாஞ்சேனையான் | 2025 நவம்பர் 20

அறிவித்தலைக் கொடுத்தால் போதும் என்று அக்கா இருந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

என் தம்பிக்கும் லண்டனில் இப்படி ஒரு வீடு இருந்தது. 81 ஆண்டு மீதி இருக்கும்போதே அறிவித்தல் கொடுத்தான். காணி உரிமையாளரின் எதிர் அறிவித்தலும், அதாவது அதற்கு அவர் தரும் முறைப்படியான பதிலும், உரிய காலத்தில் வந்தது. இவன் சொன்ன தொகைக்கும் அவர்கள் கேட்ட தொகைக்கும் இடையில் பெரிய இடைவெளி. மதிப்பீட்டாளர்கள் இருவரும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிர் அறிவித்தல் வந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள், உடன்பாடு வராவிட்டால், இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கும் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தம்பியின் சட்டத்தரணி பேச்சு நன்றாகப் போகிறது என்று எண்ணி அதை விட்டுவிட்டார். ஆறு மாதமும் ஒரு வாரமும் கழித்து மறுபக்கத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது: உங்கள் அறிவித்தல் மீளப் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது, எங்கள் செலவைச் செலுத்துங்கள்.

அப்படி விழுந்த அறிவித்தலுக்குப் பிறகு 12 மாதத்துக்குப் புதிய அறிவித்தல் கொடுக்க முடியாது. அந்த 12 மாதத்துக்குள் மீதிக்காலம் 80க்குக் கீழே இறங்கிவிட்டது. தம்பி மறுபக்கத்தின் செலவையும் கட்டினான், பின்னர் கூடிய தொகையையும் கட்டினான். அந்தச் சட்டத்தரணி மன்னிப்புக் கேட்டு அனுப்பிய கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறான். அதற்கு ஒரு சதமும் பெறுமதி இல்லை.

ஆகவே அக்கா, எதிர் அறிவித்தல் வந்த நாளை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் மாதமே சட்டத்தரணியிடம் கேளுங்கள். லண்டன் அலுவலகங்கள் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது நமக்குப் பிற்பகல் இரண்டரை. ஒரு தொலைபேசி அழைப்புக்குப் போதிய நேரம் இருக்கிறது.

---

கடற்கரை_வீதி | 2025 நவம்பர் 20

இடையில் ஒரு கேள்வி, பொறுத்தருள வேண்டும். கொழும்பில் என் மாமனார் குத்தகைக்கு எடுத்திருக்கும் வீடு ஒன்று உண்டு; 30 ஆண்டுக் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது. இப்படி அறிவித்தல் கொடுத்து நீடிக்கும் உரிமை நமக்கும் உண்டா?

---

பழைய_எழுதுவினைஞர் | 2025 நவம்பர் 20

இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். இங்கே கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கும் பலர், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்த வீட்டுக் கூறுக்கே சொந்தக்காரராகிறார்கள். ஆகவே காலம் தேய்ந்துபோகும் கவலை அவர்களுக்கு இல்லை. உங்கள் மாமனாருடையது குத்தகை என்றால், அந்த உறுதியில் புதுப்பித்தல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை இங்கே நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பேசலாம்.

அம்மாவுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். அறிவித்தலில் நீங்கள் கொடுக்க முன்வரும் தொகையைக் குறைத்துச் சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நூறு பவுண் என்பது போல விளையாட்டாக எழுதினால் அறிவித்தலே செல்லாமல் போகும். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தீர்த்திருக்கிறது. ஆகவே முதலில் மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள், வாடகைக்குக் கொடுக்கும் முகவரின் மதிப்பு இதற்கு உதவாது. இரண்டாவது, வீட்டில் உங்கள் சொந்தச் செலவில் செய்த மேம்பாடுகள் எவையென்று அவருக்கு எழுதிக் கொடுங்கள். அவற்றால் கூடிய விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

---

வெள்ளவத்தை_ஆசிரியை | 2026 ஜனவரி 27

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். நத்தார் விடுமுறையில் லண்டனில் எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

மகன் மூன்று சட்டத்தரணிகளிடம் விலை கேட்டு, இந்த வேலையையே பெரும்பாலும் செய்யும் ஒருவரை அமர்த்தினான். என் கடவுச்சீட்டின் பிரதியை இங்கே ஒரு நொத்தாரிசு உறுதிப்படுத்தித் தந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்ததால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெற்று இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். பதிவில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சட்டத்தரணி, பெயர் நீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று எழுதுவினைஞர் ஐயா சொன்னதையே சொன்னார்.

மதிப்பீட்டாளர் வீட்டைப் போய்ப் பார்த்தார். 1998இல் நாங்கள் பழைய குசினியை முழுவதும் உடைத்து மாற்றியிருந்தோம். அதன் பற்றுச்சீட்டுகளைக் கணவர் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை இறக்கி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினேன். பாதி மையழிந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. மீதி போதும் என்றார். அறிவித்தலில் 5,200 பவுண் என்று எழுதியிருக்கிறோம். 6,500க்கும் 7,000க்கும் இடையில் முடியும் என்பது அவருடைய கணிப்பு. சபையின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் நாங்களே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்னரே எதிர்பார்த்திருக்கவில்லை.

அறிவித்தல் ஜனவரி 22இல் சபையிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது. எதிர் அறிவித்தலுக்கு மார்ச் 31 வரை காலம் கொடுத்திருக்கிறோம். நேற்று, நாங்கள் சொன்ன தொகையில் பத்து வீதத்தை, அதாவது 520 பவுணை, வைப்பாகக் கட்டும்படி கேட்டு எழுதியிருக்கிறார்கள். இது வழமைதானா?

---

பழைய_எழுதுவினைஞர் | 2026 ஜனவரி 27

வழமைதான் அம்மா. பத்து வீதம் அல்லது 250 பவுண், எது கூடவோ அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கடைசித் தொகையில் அது கழிக்கப்படும். கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். வீட்டின் பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை ஏதும் இருந்தால் அதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். புதிய உறுதியைக் கொடுக்கும் நேரத்தில் அதைக் காட்டி நிறுத்திவைப்பார்கள்.

மார்ச் 31க்குள் எதிர் அறிவித்தல் வராவிட்டால் அது உங்களுக்கு நல்லதே. அப்போது உங்கள் அறிவித்தலில் உள்ள தொகைக்கே புதிய குத்தகை தரும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கும் ஆறு மாதம்தான் காலம். வந்தால், அந்தத் திகதியை இங்கே இடுங்கள். கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன ஆறு மாதத்தை நானும் என் நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறேன்.